மூலத்தில் நின்ற நிலா

நீரஜாவுக்கு இருபத்துநாலு வயது நடந்தபோது தரகர் வேங்கடாசலம் மாமா அவள் ஜாதகத்தை ஒரு தரம் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேஷ்டித் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "மாமனார் இல்லாத இடமாப் பார்த்துடலாம் சம்பத்து, கவலைப்படாதே" என்றார்.

அவள் காபி டம்ளரை அவர் முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். எந்த வீட்டில் யார் செத்திருக்கிறார்கள் என்று தேடிப் போய்ப் பெண் கொடுப்பதை, பால்காரனை மாற்றுவதுபோல ஒருவர் சொல்ல முடியும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மூல நட்சத்திரம், முதல் பாதம். பெண் மூலத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சுக்கு அடுத்த ஏழு வருஷத்தில் ஒன்பது வரன்கள் போயின. ஒரு வீட்டில் பெண்ணைப் பிடித்துப் போய், தாம்பாளத்தில் பழம் வைத்த பிறகு நட்சத்திரத்தைக் கேட்டுப் பழத்தோடு எழுந்து போனார்கள். இன்னொரு வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா தானே போன் செய்து, "தப்பா எடுத்துக்காதீங்கோ, எனக்கு இன்னும் ரிட்டயர்மென்ட்டே ஆகலை" என்றார். சம்பத்குமார் அதற்கும் "பரவாயில்லை ஸ்வாமி" என்று சொல்லி போனை வைத்தார்.

சம்பத்குமார் திருப்பதி கோவிந்தராஜர் கோயிலில் பிரபந்த கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர். குரல் கணீரென்று இருக்கும். வீட்டில் அந்தக் குரல் வராது. தரகர் வந்தால் இன்னும் வராது. ஒரே பெண்ணின் கல்யாணம் தள்ளிப் போவதைத் தன் குற்றம்போலவே சுமந்துகொண்டிருந்தார்.

நீரஜா இதையெல்லாம் சுமந்துகொண்டு உட்காரவில்லை. இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, ரேணிகுண்டா சாலையில் இருந்த கோளரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கூரை முழுக்க வானமாக மாறும் அந்த வட்ட மண்டபத்தில், இருட்டில் மைக்கைப் பிடித்து, எது எந்த நட்சத்திரம் என்று சொல்லுகிற வேலை. தெலுங்கில் நாளைக்கு மூன்று காட்சி, ஆங்கிலத்தில் ஒன்று. மலைக்குப் போய்விட்டு வரும் தமிழ்நாட்டு பஸ்களுக்காக ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குத் தமிழில் ஒன்று. அந்தத் தமிழ்க் காட்சிதான் அவளுக்கு உயிர். ஏ.சி. குளிரில் லட்டுப் பை வாசனையோடு, சந்தனம் காயாத மொட்டைத் தலைகள் நாற்காலியில் சாய்ந்து கிடக்கும். விளக்கு அணைந்து வானம் மேலே விரியும்போது அத்தனை பேரும் ஒரே மூச்சாக "ஹா" என்பார்கள். ஆறு வருஷமாகக் கேட்டும் அந்தச் சத்தம் அவளுக்குப் பழகவில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்தொன்று. ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, அப்பாவின் போனில் வந்த மின்கட்டண ரசீதைத் தேடும்போது தன் ஜாதகம் கண்ணில் பட்டது. புதிதாக அச்சடித்தது. பிறந்த நேரம் மாலை ஆறு நாற்பது. நட்சத்திரம் கேட்டை, நாலாம் பாதம்.

அவள் பிறந்தது ஏழு ஐம்பதுக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டு இன்றைக்கும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது.

"அப்பா, இது யார் ஜாதகம்?"

சம்பத்குமார் சந்தியாவந்தனத்துக்குச் சொம்பை எடுத்தவர் அப்படியே நின்றார். "உன்னோடதுதான்."

"என்னோடது இல்லை. நான் பொறக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி யாரோ பொறந்திருக்கா. யார் அவ?"

"நீரஜா, கத்தாதே. சித்தூர்லேர்ந்து ஒரு வரன். நல்ல குடும்பம். பையன் ஸ்ரீ சிட்டியில ஒரு கம்பெனியில இன்ஜினியர். ஒரே பிள்ளை. கேட்டைன்னா மாப்பிள்ளையோட அண்ணாவுக்குத்தான் ஆகாது. இங்க அண்ணாவே கிடையாது. யாருக்கும் ஒரு பாதகமும் இல்லை. வேங்கடாசலந்தான் யோசனை சொன்னான்."

"எழுதினது?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். எழுதியது அவர்தான்.

"ஐப்பசித் திருமூலத்துக்குக் கோயில்ல என்னப்பா பண்றேள்?" என்று கேட்டாள். "மணவாள மாமுனிகள் அவதாரம் பண்ணின நட்சத்திரம்னு ஊரையே கூப்பிட்டு அக்காரவடிசல் போடறேள். விழுந்து விழுந்து சேவிக்கறேள். அதே மூலந்தானே இது? வேற மூலம் ஏதாவது இருக்கா?"

"அவர் ஆசார்யன்."

"நான் பொண்ணு. அதைச் சொல்லுங்கோ, கேட்டுக்கறேன். நட்சத்திரத்து மேல பழியைப் போடாதீங்கோ."

சமையல் உள்ளிலிருந்து அம்மா வெளியே வந்தாள். கையில் கரண்டி. "அன்னிக்கு நான் வலியில துடிச்சிண்டு இருந்தேன். நீங்க வெளியில நின்னு வாட்சைப் பார்த்து எழுதிண்டேள். ஏழு அம்பதுன்னு என்கிட்டச் சொன்னதே நீங்கதான்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். அம்மா இந்த விஷயத்தில் வாய் திறந்து நீரஜா பார்த்தது அதுதான் முதல் தரம்.

சித்தூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வருகிறார்களாம். தரிசனம் முடிந்து, பெண் வேலை செய்யும் இடத்தையே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சொஜ்ஜி பஜ்ஜி எதுவும் வேண்டாம், சாதாரணமாகப் பார்த்துப் பேசலாம் என்று பையன் சொன்னானாம்.

"வரட்டும்" என்றாள் நீரஜா. "ஆனா அதுக்குள்ள நீங்க போன் பண்ணி உண்மையைச் சொல்லிடணும். நாலு நாள் இருக்கு. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

சனிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது மறுபடி கேட்டாள். "பார்க்கலாம்" என்றார் அவர், மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவர்கள் கோளரங்கத்துக்கு வந்தார்கள். பையனின் அப்பா ராமானுஜன், ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி, மெலிந்த மனிதர், படி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அம்மா பத்மாசனி, பட்டுப் புடவை, வந்ததும் கூடம் முழுவதையும் ஒரு பார்வையில் எடை போட்டுவிட்டாள். பையன் கௌஸ்துப் சாதாரணச் சட்டையில், நெற்றியில் மலையில் இட்ட ஸ்ரீசூர்ணம் வியர்வையில் கரைய வந்தான். சம்பத்குமார் அவர்களுக்கு முன்னால் ஓடி ஓடி நாற்காலி போட்டார்.

"இருட்டுல பேசறேளே, யார் தூங்கறான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் கௌஸ்துப்.

"குறட்டையிலதான்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஸ்ரீ சிட்டியில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது விடியற்காலையில் கிழக்கே ஒன்று பளபளவென்று இருக்குமே, அது என்ன என்று கேட்டான். வெள்ளி என்றாள். "அப்போ இத்தனை நாளா ஏரோப்ளேன்னு நெனச்சிண்டு இருந்தேன்" என்று தலையைச் சொறிந்தான். நீரஜாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. ஒன்பது வரனில் யாரையும் அவளுக்குப் பிடித்ததில்லை. அதனால் ஒன்பது தரமும் வலித்ததில்லை.

அப்பாவைத் தனியாகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அழைத்துப் போனாள். "சொல்லிட்டேளா?"

அவர் சுவரில் மாட்டியிருந்த சந்திரன் படத்தைப் பார்த்தார். "மொதல்ல மனசு ஒத்துப்போகட்டும். அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்."

"எப்போ? தாலி கட்டினப்புறமா?"

மணி அடித்தது. காட்சிக்கு நேரமாகிவிட்டது.

அன்றைக்குக் கூட்டம் அதிகம். அரக்கோணத்திலிருந்து ஒரு பஸ், காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வேன். நீரஜா மேடையோரத்தில் தன் இடத்தில் நின்று மைக்கைக் காதோடு மாட்டிக்கொண்டாள். பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள், கணினி முன்னால் எத்திராஜ். புத்தூர்க்காரர், ஐம்பது வயது, வானத்தை ஓட்டுகிறவர் அவர்தான். அவருடைய குரல் நீரஜாவின் காதில் மட்டும் கேட்கும்.

"ரெடியா மேடம்? நாஷ்டா துன்னீங்களா இல்லியா, குரல் ஒரு மாதிரி கீதே?"

"ரெடி சார். விளக்கை இறக்குங்க."

சூரியன் இறங்கிற்று. ஏழு மலையின் கரிய விளிம்பு அடிவானத்தில் நின்றது. அதற்கு மேலே ஆனி மாதத்து வானம் விரிந்தது. "ஹா" என்றார்கள் எல்லோரும். அவள் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டினாள். அருந்ததியைக் காட்டினாள். பிறகு தெற்கே திரும்பி, அம்புக்குறியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"இதுதான் விருச்சிகம். தேள். மூணு நட்சத்திரம் தலை. நடுவுல செவப்பா எரியுதே, அது நெஞ்சு. அதைத்தான் கேட்டைன்னு சொல்றோம். அங்கேர்ந்து வால் வளைஞ்சு வளைஞ்சு..."

"ஏம்மா!" என்று இருட்டிலிருந்து பத்மாசனியின் குரல் வந்தது. நல்ல உற்சாகமான குரல். "கேட்டைதானே உன் நட்சத்திரம்? நன்னாத்தான் இருக்கு, மாதுளை முத்தாட்டம்!"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அம்பு சிவப்பு நட்சத்திரத்தின் மேலேயே நின்றிருந்தது. நீரஜா ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு "ஆமாம்" கூட வேண்டாம். சும்மா இருந்தால் போதும். அம்பை நகர்த்தித் தனுசுக்குப் போய்விடலாம். ஆவணியில் முகூர்த்தம் வைப்பார்கள். விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு மனிதனோடு நல்லபடியாகவே வாழ்ந்துவிடலாம். அப்புறம் ஒரு நாள் ராமானுஜனுக்குக் காய்ச்சல் வரும். அன்றைக்குப் பீரோவில் இருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டை நினைத்து அவள் நடுங்க வேண்டும். அவர் தும்மும்போதெல்லாம் நடுங்க வேண்டும். தான் செய்யாத ஒன்றுக்கு, வாழ்நாள் முழுக்க.

மைக்கின் பொத்தானை அழுத்தி எத்திராஜிடம் மட்டும் பேசினாள்.

"சார், தேதி மாத்தணும்."

"ஷோ நடுவுலயா? இன்னாத்துக்கு மேடம்?"

அவள் தான் பிறந்த தேதியையும் வருஷத்தையும் சொன்னாள். "நேரம் ஏழு ஐம்பது. இடம் திருப்பதியேதான்."

எத்திராஜ் ஆறு வருஷமாக அவளுடைய பிறந்த நாளுக்கு மைசூர்பாகு வாங்கி வருகிறவர். தேதி அவருக்குத் தெரியும். "சரி" என்றார். தட்டச்சுப் பலகையின் ஓசை கேட்டது.

வானம் ஒரு சுழல் சுழன்றது. குழந்தைகள் கூச்சலிட்டன. சுழல் நின்றபோது தெற்கே தேள் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அதன் வாலுக்கு மேலே, பாதியைவிடக் கொஞ்சம் பருத்த நிலா.

"இது முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி, ஆவணி மாசம், இதே ஊர் வானம்" என்றாள் நீரஜா. "அன்னிக்கு ஏழு ஐம்பதுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு பொறந்தா. ஒருத்தர் பொறக்கிற நேரத்துல நிலா எந்த நட்சத்திரத்துக்கு நேரா நிக்குதோ, அதுதான் அவங்க நட்சத்திரம். அவ்வளவுதான் கணக்கு. இப்போ நிலா எங்க நிக்குதுன்னு நீங்களே பாருங்க. சிவப்பு நட்சத்திரத்தை விட்டு எவ்வளவு தூரம் வந்துடுச்சு. நேரா கீழே என்ன இருக்கு?"

எத்திராஜிடம் அவள் கேட்கவே இல்லை. நிலாவிலிருந்து ஒரு மஞ்சள் கோடு மெல்ல இறங்கித் தேளின் கொடுக்கைத் தொட்டது.

"தேளோட கொடுக்கு. அதுதான் மூலம். அந்தப் பொண்ணு நான்தான். என் நட்சத்திரம் கேட்டை இல்ல, மூலம். முதல் பாதம்."

மூன்றாவது வரிசையில் யாரோ எழுந்து மறுபடி உட்கார்ந்தார்கள்.

"மூலத்துல பொறந்த பொண்ணு ஒரு வீட்டுக்குப் போனா மாமனார் செத்துடுவார்னு சொல்றாங்க. அந்தக் கொடுக்கை நல்லாப் பாருங்க. அது ஒரு சூரியன். நம்ம சூரியனைவிடப் பல மடங்கு பெரிசு. அங்கேர்ந்து வெளிச்சம் இங்க வந்து சேர ஏறக்குறைய அறுநூறு வருஷம் ஆகுது. இப்போ நம்ம கண்ணுல படறது அறுநூறு வருஷத்துக்கு முந்தி அதை விட்டுக் கிளம்பின வெளிச்சம். யார் வீட்டுக்கு யார் மருமக, யாருக்கு யார் மாமனார், அதுக்கு எப்படித் தெரியும்? யார்கிட்டக் கேட்டுக்கிட்டு வரும்?"

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், நல்ல அரக்கோணத்துக் குரல்: "எம் பொண்ணும் மூலந்தாம்மா! நாலு பேரு வந்து பாத்துட்டு போய்ட்டானுங்க!"

"பொண்ணு வந்திருக்காளா?"

"இதோ பக்கத்துலதான் குந்திக்கினு கீது. அக்ஷயான்னு பேரு. பேசுடி!"

நீரஜா இருட்டைப் பார்த்துச் சொன்னாள்: "அக்ஷயா, வெட்கப்படாதே. தெற்கே இருக்கிற நட்சத்திரத்துல ரொம்பப் பிரகாசமானதுல அதுவும் ஒண்ணு. அதை ஒளிச்சு வெக்கிற வேலை உனக்கு வேண்டாம். எனக்கும் வேண்டாம்."

அப்புறம் அவள் வானத்தைத் திரும்ப ஆனிக்குக் கொண்டுவரச் சொல்லி, தனுசு, அபிஜித், திருவோணம் என்று மீதிக் காட்சியையும் ஒழுங்காக நடத்தி முடித்தாள். விளக்கு ஏறியது. கைதட்டினார்கள். அவள் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வெளிக்கூடத்தில் பத்மாசனி காத்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"சம்பத்குமார், கோயில் கைங்கர்யம் பண்றவர்னு நம்பி வந்தோம். பொய் ஜாதகம் குடுத்திருக்கேளே!"

சம்பத்குமார் கையைக் கூப்பினார். நீரஜா முன்னால் வந்தாள்.

"ஏமாத்தினது தப்பு, மாமி. அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். மொதல்லயே மூலம்னு சொல்லியிருந்தா இன்னிக்கு இங்க வந்திருப்பேளா?"

பத்மாசனி கைப்பையின் பிடியைத் திருகினாள். அவளும் பொய் சொல்லுகிறவள் இல்லை.

"என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டேளா?" என்றார் ராமானுஜன். எல்லோரும் திரும்பினார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "சாகப்போறவன் நான்தானே? நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்கு. சர்க்கரை முன்னூறு. போறதுக்கு இத்தனை வழி பக்கத்துலயே இருக்கறச்சே, அறுநூறு வருஷத் தூரத்துலேர்ந்து ஒண்ணு வரணுமா என்ன?"

"நீங்க சும்மா இருங்கோ" என்றாள் பத்மாசனி.

அவர் சும்மா ஆகிவிட்டார். நாற்பது வருஷப் பழக்கம். எழுந்து, நீரஜாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். கௌஸ்துப் கடைசியாகப் போனான். ஏதோ சொல்ல வந்தவன்போல இரண்டு தரம் திரும்பினான்.

சம்பத்குமார் மகளின் ஸ்கூட்டருக்குக் காத்திருக்கவில்லை. "எண்பது பேர் முன்னாடி" என்று மட்டும் சொன்னார். வெயிலில் குடையைக்கூட விரிக்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோனார். முதுகு கூனியிருந்தது. அந்த முதுகைப் பார்த்தபோதுதான் நீரஜாவுக்கு அழுகை வந்தது. அழுதாளே தவிர, சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஒரு நிமிஷமும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மெமோ வந்தது. பார்வையாளர் யாரோ கருத்துப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தார்கள்: அரசாங்கக் காட்சியில் சொந்தக் கல்யாண விவகாரம், மத நம்பிக்கைக்கு அவமரியாதை. கோளரங்க அதிகாரி பாலையா அவளைக் கூப்பிட்டார். மதனப்பள்ளிக்காரர், தமிழ் தெரிந்தவர், கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார்.

"ஏன்ட்டம்மா இதி?" என்று காகிதத்தைத் தட்டினார். "திருப்பதியில இருந்துக்கிட்டு இந்த மாதிரிப் பேசலாமா? வருத்தம் தெரிவிச்சு ரெண்டு வரி எழுதிக் கொடு. ஃபைலை மூடிடறேன்."

நீரஜா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். மூன்று வரி வந்தது. காட்சியில் காட்டியது கணினியில் உள்ள வானம். தேதி, நேரம், இடம் மூன்றும் உண்மை. அதில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பாலையா படித்தார். மறுபடி படித்தார். "அந்தக் கடைசி வரியை மட்டுமாவது எடுத்துடு."

"அதுதான் சார் முக்கியமான வரி."

"அப்போ பதினஞ்சு நாள் மைக் கிடையாது. டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காரு."

உட்கார்ந்தாள். தமிழ்க் காட்சியைப் பதிவு செய்த குரலில் ஓட்டினார்கள். கம்பி வலைக்குப் பின்னாலிருந்து டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கையில், உள்ளேயிருந்து வரும் அந்த இயந்திரக் குரல் கேட்டையை "ஜ்யேஷ்டா" என்று சொல்வது அவளுக்குக் கேட்கும். பல்லைக் கடித்துக்கொள்வாள். எத்திராஜ் மத்தியானம் டீ வாங்கிக்கொண்டு வந்து கவுன்ட்டர் ஓரமாக நிற்பார். "நீங்க இல்லாம வானமே டொக்கு ஆயிடுச்சு மேடம்" என்பார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கவுன்ட்டர் வரிசையில் கௌஸ்துப் நின்றான்.

"ஒரு டிக்கெட்" என்றான். பிறகு, "அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவன் சுற்றி வளைக்கவில்லை. அம்மாவைப் பத்து நாள் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டானாம். ஒரு சாந்தி ஹோமம் பண்ணிவிட்டால் போதும். அப்புறம் ஒன்றே ஒன்று. சொந்தக்காரர்களிடம் ஜாதகம் கேட்டைன்னே இருக்கட்டும், பத்திரிகையிலும் எதையும் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டாளாம்.

"உங்க அப்பா என்ன சொன்னார்?"

"அப்பாவை யாரும் கேக்கலை" என்றவன், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல நிறுத்திக்கொண்டான்.

நீரஜா அவனையே பார்த்தாள். நல்லவன்தான். பத்து நாள் வீட்டில் சண்டை போட்டிருக்கிறான், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இவனோடு போனால் சந்தோஷமாகக்கூட இருக்கலாம்.

"சாந்தி எதுக்கு? தப்புப் பண்ணினவாதானே பண்ணிக்கணும்?"

"ஒரு சடங்குதானே, நீரஜா? அவா மனசு சமாதானத்துக்கு. நமக்கு அதுல நம்பிக்கை வேண்டாமே."

"இன்னிக்கு ஹோமம் பண்ணினா, நான் ஏதோ கொண்டுவந்தேன்னு நானே ஒத்துண்ட மாதிரி ஆயிடும். அப்புறம் உங்க அப்பாவுக்கு என்ன ஆனாலும் ஹோமம் பலிக்கலைன்னுதான் சொல்லுவா. அதுவும் போகட்டும். கேட்டைன்னு சொல்லிண்டு இருக்கணும்கறேளே. எண்பது பேர் முன்னாடி மூலம்னு சொன்னவளை, உங்க அத்தை முன்னாடி கேட்டைன்னு சொல்லச் சொல்றேளா?"

"கொஞ்ச நாளைக்கு..."

"முடியாது, கௌஸ்துப்."

"யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"ஏழு வருஷம் யோசிச்சாச்சு. உங்களுக்கு ஒரு நாள் தைரியம் வந்தா, மூலத்துல பொறந்த பொண்ணைத்தான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு உங்க வீட்டுக் கூடத்துல நின்னு சொல்லுங்கோ. என்கிட்டச் சொல்ல வேண்டாம். அவாகிட்ட."

அவன் டிக்கெட்டைக் கையில் சுருட்டியபடியே காட்சிக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்துக்குப் போனான். அதற்கப்புறம் அவனிடமிருந்து செய்தி இல்லை. தை மாதம் அவனுக்கு நாயுடுபேட்டையில் கல்யாணம் ஆயிற்று என்று பின்னால் கேள்விப்பட்டாள். கேள்விப்பட்ட அன்று வேப்பமரத்தடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய் இரண்டு மணிக் காட்சியை நடத்தினாள்.

வீட்டில் சம்பத்குமார் இருபது நாள் மகளோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் எழுந்திருப்பார். இருபத்தோராம் நாள் சாயங்காலம் வேங்கடாசலம் மாமா வந்தார். கையில் பை, பையில் ஒரு புது வரன். வேலூரில் பையனுக்கு அப்பா கிடையாது, போன வருஷம்தான் போனார், எல்லாம் தோதாக இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

சம்பத்குமார் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துவந்தார். எல்லோரும் பார்க்கத் தரையில் உட்கார்ந்து ஜாதகத்தை எழுதினார். ஏழு ஐம்பது. மூலம். முதல் பாதம். எழுத்து பெரிது பெரிதாக இருந்தது.

"இதைக் கொண்டுபோய்க் காட்டு" என்று தாளை நீட்டினார். "அப்பா இருக்கற வீடாப் பார்த்துக் காட்டு."

"சம்பத்து, இதை வெச்சிண்டு நான் எந்தப் படி ஏறறது?"

"ஏற முடியலைன்னா விட்டுடு. எங்க பொண்ணு ஒருத்தர் சாவுக்குக் காத்திண்டு இருக்கறவ இல்லை." கோஷ்டியில் கேட்கும் அதே கணீர்க் குரல். அந்த வீட்டுச் சுவர்களுக்கு அது புதிது. உள்ளே அம்மா பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

தரகர் பையை மூடிக்கொண்டு போனார். சம்பத்குமார் மகளைப் பார்க்காமல், "அன்னிக்கு அந்த நிலாவைச் சரியாப் பார்க்கலை. குனிஞ்சிண்டு இருந்துட்டேன்" என்றார்.

பதினைந்து நாள் முடிந்து நீரஜா மைக்குக்குத் திரும்புவதற்கு முதல் நாள், பாலையா கூப்பிட்டு எச்சரித்தார். வழக்கமான காட்சி மட்டும். அதிகப் பேச்சு வேண்டாம்.

"எந்தெந்த நட்சத்திரத்தைக் காட்டக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்துடுங்க சார். அதன்படியே செய்யறேன்" என்றாள்.

பாலையா பேனாவை எடுத்தார். எடுத்த பேனாவைப் பார்த்தார். ஒரு கோளரங்கத்தின் அதிகாரி அப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அது எங்கெல்லாம் போகும் என்று அவருக்குத் தெரியும். பேனாவை மூடி வைத்தார். "போம்மா, போய் வேலையைப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் காட்சிக்கு அவள் புதிதாக ஒன்றைத் தயார் செய்திருந்தாள். அசுவினியில் தொடங்கி ரேவதியில் முடிகிற இருபத்தேழும், வரிசையாக, ஒவ்வொன்றும் உண்மையில் வானத்தில் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், என்ன நிறம் என்று. ஆயில்யத்தைத் தாண்டிக் குதிக்காமல், கேட்டையை அடக்கி வாசிக்காமல். அன்றைக்குக் கூட்டம் குறைவு, முப்பது பேர் இருந்தால் அதிகம். மூன்றாவது வரிசை ஓரத்தில் சம்பத்குமார் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம், இருபத்தேழையும் காட்டணும்னா அரை மணி பத்தாது" என்றார் எத்திராஜ் காதில்.

"ஆகற நேரம் ஆகட்டும் சார். விளக்கை இறக்குங்க."